மறிக்கப்பட்ட துறையும் மாற்றுத் தோணியும்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும், மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் அந்நாட்டு மக்கள் வழங்குவர். ஞாயிறு எழும் பக்கம் ஒன்று. ஞாயிறு படும் பக்கம் மற்றொன்று. எழுவான்கரையிலே நகரமும் சந்தையும் வைத்தியசாலையும் கந்தோர்களும் உள்ளன. படுவான்கரையிலே நெல்வயல்களும் மாட்டுப்பட்டிகளும் பழைய ஆலயங்களும் உள்ளன. ஒரு கரையார்க்கு மறுகரையார் இன்றியமையாதவர். ஆதலின், வாவியை எவ்வழியாகக் கடப்பது என்பது அங்கே எக்காலத்தும் பெரியதொரு கேள்வியாக இருந்து வந்துள்ளது. நகரையும் கல்லடியையும் இணைக்கும் பழைய இரும்புப் பாலம் 1924ஆம் ஆண்டிலே கட்டப்பட்டது. அதன் அருகே புதிய பாலம் 2013ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. மண்முனைத் துறையிலோ, 'பாதை' என்று மக்கள் வழங்கும் மிதவையே நெடுங்காலம் மனிதரையும் வண்டிகளையும் ஏற்றிச் சென்றது. 2014ஆம் ஆண்டிலேதான் அங்கே பாலம் அமைந்தது.

கடவை இருக்கும் இடத்திலே காவலும் இருக்கும். போர் நடந்த ஆண்டுகளிலே இக்கடவைகளிற் சோதனைச் சாவடிகள் இருந்தன. போகிறவர் யார், எங்கிருந்து வருகிறார், எங்கே செல்கிறார், பையினுள் இருப்பது யாது என்ற வினாக்களுக்கு விடையிறுத்த பின்னரே வழி திறக்கும். வழி திறவாத நாளில், மறுகரை செல்ல இயன்ற வேறொருவரிடம் சொல்லியனுப்புவதே மக்கள் கண்ட மாற்று. வழி, காவலன், சொல்லிச் செல்பவன் என்னும் இம்மூன்றையும் மனத்திற் கொண்டால், இன்று கையடக்கத் தொலைபேசியிலே நிகழும் ஒரு நுட்பத்தை விளங்கிக்கொள்ளுதல் எளிது. உடனடிச் செய்திகள் தீச்சுவரிலே மறிக்கப்படுவதும், பதிலி ஒன்றின் வழியாக அவை மறுபுறம் செல்வதுமே அந்நுட்பம்.

கல்லடியில் இருக்கும் ஒரு தாய், சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரிலே வாழும் மகளுக்கு, "சுகமாய் இருக்கிறோம்" என்று வட்ஸ்அப்பிலே எழுதுகிறாள் எனக் கொள்வோம். அவ்விரண்டு சொற்களும் நேரே சூரிச்சுக்குப் பறந்து செல்வதில்லை. அவை முதலிலே பொதிகளாகக் கட்டப்படுகின்றன. ஒவ்வொரு பொதியின் மேலும் இரண்டு விவரங்கள் எழுதப்படுகின்றன. அனுப்பும் கருவியும் பெறும் கணினியும் எவை என்று காட்டும் முகவரி எண்கள் ஒன்று. பெறும் கணினியின் எந்தத் துறையிலே பொதியை இறக்குவது என்று காட்டும் துறை எண் மற்றொன்று. இணையப் பக்கங்களைப் பாதுகாப்பாகக் கொண்டுவரும் துறைக்கு 443 என்பது எண். உடனடிச் செய்திச் சேவைகள் சிலவற்றுக்கு 5222 என்னும் துறையும் வழக்கத்தில் உள்ளது. பொதிகள் அருகிலுள்ள தொலைபேசிக் கோபுரத்தை அடைந்து, தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வலையமைப்பினுள் நுழைந்து, கொழும்பு, மாத்தறை போன்ற இடங்களிலே கரையேறும் கடலடி வடங்கள் வழியாக வெளிநாடு சென்று, வட்ஸ்அப் நிறுவனத்தின் கணினியை அடைகின்றன. அங்கிருந்தே மகளின் தொலைபேசிக்கு அவை புறப்படுகின்றன.

இப்பயணத்திலே பல இடங்களிற் காவலன் நிற்கலாம். கணினித் துறையார் அவனைத் தீச்சுவர் என்று அழைப்பர். ஓர் அறையிலே பற்றிய தீ அடுத்த அறைக்குத் தாவாதபடி கட்டடங்களிலே எழுப்பும் சுவரின் பெயரையே அவர்கள் இதற்கு இட்டனர். தீச்சுவர் என்பது ஒரு கருவியாகவும் இருக்கலாம். கணினியில் இயங்கும் நிரலாகவும் இருக்கலாம். அதன் தொழில் ஒன்றே: வரும் பொதியின் மேல் எழுதியிருப்பதைப் படித்து, தன்னிடம் உள்ள விதிகளோடு ஒப்பிட்டு, விடுவதா மறிப்பதா என்று முடிவு செய்தல். "இன்ன முகவரிக்குச் செல்லும் பொதியை மறி", "443ஆம் துறைக்குச் செல்வதை விடு, ஏனையவற்றை மறி" என்றவாறு அவ்விதிகள் அமையும்.

ஒரு வங்கியோ, வைத்தியசாலையோ, பல்கலைக்கழகமோ தன் வலையமைப்பின் வாயிலிலே தீச்சுவர் ஒன்றை நிறுத்துவது நியாயமான ஏற்பாடு. வெளியிலிருந்து கேடு விளைக்கும் நிரல்கள் உள்ளே நுழையாதிருத்தல் வேண்டும். உள்ளிருக்கும் நோயாளர் விவரமும் கணக்கு விவரமும் வெளியே ஒழுகாதிருத்தல் வேண்டும். இத்தகைய இடங்களிலே பதிலியும் அந்நிறுவனத்தின் ஊழியனாகவே விளங்குகிறது. ஊழியர்களின் கணினிகள் வெளியுலகோடு நேரே பேசுவதில்லை. அவை பதிலியிடம் கேட்கின்றன. பதிலி அவற்றுக்காக வெளியே சென்று பெற்று வருகிறது. யார் எப்பொழுது எங்கே சென்றார் என்னும் குறிப்பும் அதனிடம் எஞ்சுகிறது. ஒரே பக்கத்தைப் பலர் கேட்டால், ஒரு முறை கொண்டுவந்ததைச் சேமித்து வைத்துப் பலருக்கும் கொடுக்கும் பதிலிகளும் உண்டு. 1996ஆம் ஆண்டளவில் தோன்றிய ஸ்குவிட் என்னும் நிரல் இத்தொழிலிலே பெயர் பெற்றது. இணைப்பு மெதுவாக இருந்த காலத்திலே இது பேருதவியாயிற்று.

ஆனால், காவலன் நாட்டின் வாயிலிலே நிற்கும்போது நிலைமை வேறாகிறது. அங்கே மறிக்கப்படுவது ஒரு கந்தோரின் ஊழியர் சிலருடைய அரட்டையன்று. ஒரு நாட்டு மக்கள் அனைவருடைய பேச்சாகும். இலங்கை இதனைச் சில ஆண்டுகளுள் பன்முறை கண்டது.

2018ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, மட்டக்களப்புக்குத் தெற்கே உள்ள அம்பாறை நகரிலே, ஓர் உணவகத்தின் உணவிலே கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டது என்னும் பொய்யான பேச்சு கலவரத்தை மூட்டியது. சில நாட்களின் பின், மார்ச் மாதத் தொடக்கத்திலே கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனியப் பகுதிகளிலே முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. மறுநாள் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் ஆகியவை மறிக்கப்பட்டன. ஏறத்தாழ ஒரு வாரத்தின் பின்னரே அவை ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன. பகைமூட்டும் எழுத்து பேஸ்புக்கிலே பரவியமைக்காக 2020ஆம் ஆண்டிலே அந்நிறுவனம் மன்னிப்புக் கோரியது. ஆகவே, தடை விதித்தவர்கள் கூறிய காரணம் வெறும் கற்பனையன்று என்பதை ஏற்றுக்கொள்ளல் வேண்டும்.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு. அன்று காலை கொழும்பிலும் நீர்கொழும்பிலும் தேவாலயங்களும் விடுதிகளும் தாக்கப்பட்ட அதே வேளையிலே, மட்டக்களப்பு நகரின் சீயோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்தது. ஞாயிறு பாடசாலைக்கு வந்திருந்த சிறுவர் பலரும் அங்கே உயிரிழந்தனர். நாடு முழுவதிலுமாக 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்றே ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அன்றே பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், யூடியூப் முதலியனவும் மறிக்கப்பட்டன. அத்தடை ஏப்ரல் 30ஆம் திகதி வரை நீடித்தது. மே 13ஆம் திகதி வடமேல் மாகாணத்திலே வன்முறை மூண்டபோது மீண்டும் மறிப்பு வந்தது.

இத்தடையின் பொருள் மட்டக்களப்பிலே யாது என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அம்மாவட்டத்துக் குடும்பங்களுள் மிகப் பலவற்றுக்கு உறவினர் கனடாவிலோ, ஐரோப்பாவிலோ, மத்திய கிழக்கு நாடுகளிலோ இருக்கின்றனர். வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்புக்குப் பணம் செலவிட இயலாதவர்களுக்கு வட்ஸ்அப்பும் வைபரும் நாளாந்தக் குரலாயின. நகரிலே குண்டு வெடித்தது என்று தொலைக்காட்சியிலே கேட்ட மகள், தாயினிடமிருந்து "சுகமாய் இருக்கிறோம்" என்ற இரண்டு சொற்களைப் பெறுவதற்கு எத்தனை பாடுபட்டிருப்பாள்! மறுபுறத்திலே, தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களிலே வாழும் மட்டக்களப்பு, காத்தான்குடி, ஏறாவூர்ப் பகுதியிலே, ஒரு பொய்ச்செய்தி மற்றொரு கொலைக்கு வித்தாகியிருக்கவும் கூடும். ஒரே காவலன் ஆறுதற் சொல்லையும் மறித்தான். அழிவுச் சொல்லையும் மறித்தான். பொதியின் மேல் எழுதிய முகவரியைப் படிக்கத் தெரிந்த காவலனுக்கு, உள்ளே இருப்பது ஆறுதலா அழிவா என்று அறியும் ஆற்றல் இல்லை. தீச்சுவரின் பெருங்குறை இதுவேயாகும்.

அறியும் ஆற்றல் ஏன் இல்லை என்பதையும் சொல்லுதல் வேண்டும். வட்ஸ்அப் நிறுவனம் 2016ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே தன் செய்திகள் அனைத்தையும் முனைக்கு முனை மறைகுறியாக்கும் முறையை நிறைவு செய்தது. தாயின் தொலைபேசியிலே பூட்டப்படும் செய்தி, மகளின் தொலைபேசியிலேதான் திறக்கப்படும். சாவி அவ்விரண்டு கருவிகளில் மட்டுமே உள்ளது. இடையிலே நிற்கும் தொலைத்தொடர்பு நிறுவனத்திடமோ, தீச்சுவரிடமோ, வட்ஸ்அப் நிறுவனத்தின் கணினியிடமோ அச்சாவி இல்லை. ஆகவே, செய்தி செய்தியாக நோக்கித் தீயதை மட்டும் மறித்தல் இயலாது. முழுச் சேவையையும் மறிப்பதே வாயிற்காவலனால் இயலும் வேலை.

மறிக்கும் முறைகள் மூன்று பெரும்பான்மை. முதலாவது, பெயரேட்டை மாற்றுதல். மனிதர் பெயரால் அழைக்கும் கணினியை எண்ணால் அறிந்துகொள்ள உதவும் ஓர் ஏடு ஒவ்வொரு தொலைத்தொடர்பு நிறுவனத்திடமும் உண்டு. அவ்வேட்டிலே பெயரை அழித்துவிட்டால் வழி தெரியாது போகும். இரண்டாவது, முகவரி எண்களையே மறித்தல். மூன்றாவது, பாதுகாப்பான இணைப்புத் தொடங்கும்போது உறையின் மேல் வெளிப்படையாகத் தோன்றும் சேவையின் பெயரைப் பார்த்து மறித்தல். மூன்றும் ஓர் எடுகோளையே நம்பி நிற்கின்றன: செல்பவன் தான் செல்லும் இடத்தை வெளிப்படையாகச் சொல்லியே தீருவான் என்பதே அது. அந்த எடுகோள் பொய்க்கும் இடத்திலேதான் பதிலி வந்து நிற்கிறது.

பதிலியை ஆங்கில வழக்கைத் தழுவிப் புறொக்சி என்றும் கூறுவர். அதன் செயல் மிக எளிது. கல்லடியில் உள்ள தொலைபேசி, வட்ஸ்அப்பின் முகவரியை உறையிலே எழுதாது, மறிக்கப்படாத நாடொன்றில் இருக்கும் ஒரு கணினியின் முகவரியை எழுதுகிறது. அக்கணினியிடம், "இன்ன சேவையின் இன்ன துறையோடு என்னை இணைத்து விடுக" என்று கேட்கிறது. அக்கணினி அச்சேவையோடு தொடர்பு ஏற்படுத்தி, இப்புறம் வருவதை அப்புறமும், அப்புறம் வருவதை இப்புறமுமாக மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. இவ்வாறு கேட்பதற்கும் விடை சொல்வதற்கும் பொதுவான ஒழுங்குகள் வகுக்கப்பட்டுள்ளன. சொக்ஸ் என்னும் ஒழுங்கின் ஐந்தாம் பதிப்பு 1996ஆம் ஆண்டிலே வெளியிடப்பட்டது; அது இன்றும் வழக்கில் உள்ளது. வாயிற்காவலன் பார்ப்பது, கல்லடித் தொலைபேசி வெளிநாட்டுக் கணினி ஒன்றோடு பேசுகிறது என்பதை மட்டுமே. அக்கணினி யாருக்காகத் தூது செல்கிறது என்பதை அவன் எளிதில் அறியான்.

விபிஎன் என்று இளைஞர் கூறுவது இதன் நெருங்கிய உறவு. பதிலி பெரும்பாலும் ஒரு செயலியின் பொதிகளை மட்டும் ஏற்றிச் செல்லும் சிறு தோணி. விபிஎன், தொலைபேசியிலிருந்து புறப்படும் பொதிகள் அனைத்தையும் மறைகுறியாக்கிய ஒரு குழாயினுள் இட்டுக் கொண்டுசெல்லும் பெரும் பாதை. வேற்றுமை ஒன்றை இங்கே குறித்தல் நன்று. எழுத்துச் செய்தியும் குரலும் ஒரே வகைப் பொதிகளாகச் செல்வதில்லை. குரலுக்கு வேகம் முதன்மையானது. ஆதலின், போய்ச் சேர்ந்தது என்ற உறுதிக்குக் காத்திராத பொதிகளிலேயே அது பெரும்பாலும் செல்கிறது. அவ்வகைப் பொதிகளை ஏற்காத பதிலிகள் பல. பதிலி வழியாக எழுத்துச் செல்கிறது, அழைப்பு மட்டும் கிடைக்கவில்லை என்று பயனர் முறையிடுவதன் காரணங்களுள் இஃதொன்று.

2018, 2019ஆம் ஆண்டுத் தடைகளின்போது இலங்கையிலே பலர் இவ்வழியை நாடினர். அறிந்தவர் அறியாதவர்க்குக் காட்டினர். தடை நடைமுறையில் இருந்தபோதும் இலங்கையர் பேஸ்புக்கிலே எழுதுவது நின்றுவிடவில்லை. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் திகதி, பொருளாதார நெருக்கடியை எதிர்த்து மக்கள் திரண்ட காலத்திலே, மீண்டும் ஒரு முறை சமூக ஊடகங்கள் மறிக்கப்பட்டன. பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின் பேரிலே இவ்வாறு செய்யப்பட்டதாகத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு தெரிவித்தது. அன்று அமைச்சராயிருந்த நாமல் ராஜபக்ஷ, தாம் விபிஎன் வழியாகவே எழுதுவதாகவும், அது இருக்கும்போது இத்தகைய தடைகள் முற்றிலும் பயனற்றவை என்றும் பகிரங்கமாகக் கூறினார். ஏறத்தாழப் பதினைந்து மணிநேரத்தின் பின் அத்தடை நீங்கியது.

தடை பயனற்றது என்று கூறுவது பாதி உண்மையே. அது சிலரிடம் தோற்றது. வேறு சிலரிடம் முழுமையாக வென்றது. நுட்பம் அறிந்த இளைஞனை அது சில நிமிடங்களே தாமதப்படுத்தியது. வதந்தி பரப்புவதையே நோக்கமாகக் கொண்டவனையும் அவ்வாறே தாமதப்படுத்தியது. பேரப்பிள்ளை அமைத்துக் கொடுத்த செயலியன்றி வேறொன்றும் அறியாத அம்மம்மாவின் வழியையோ அது முற்றாக அடைத்தது. படுவான்கரையின் உட்கிராமத்திலே, மகனுடைய அழைப்புக்காகத் தொலைபேசியைக் கையில் வைத்துக் காத்திருந்த தாய்க்கு, செயலி ஏன் ஊமையாயிற்று என்று சொல்வதற்கும் ஒருவர் இல்லை. வல்லவனை விட்டு, எளியவனை மறிக்கும் காவல் எத்தகைய காவல் என்ற வினா இங்கே எழுகிறது.

மாற்று வழியை எடுத்தவர்களும் முழுமையான பாதுகாப்பை அடைந்துவிடவில்லை. மக்கள் பலர் கவனியாது விடும் உண்மை இது. தோணிக்காரன் கட்டிய பானையைத் திறந்து பார்ப்பதில்லை எனினும், அதை யார் தந்தார், எப்பொழுது தந்தார், எவ்வளவு கனமானது, யார் வீட்டிலே இறக்கினான் என்பவற்றை அறிவான். பதிலியும் அத்தகையதே. முனைக்கு முனை பூட்டப்பட்ட செய்தியை அதனாற் படிக்க இயலாது. ஆனால், தொலைபேசியின் முகவரி எண்ணையும், பயன்படுத்தும் சேவையையும், நேரத்தையும், அளவையும் அது அறியும். காவலனை நம்பாதவர் தோணிக்காரனை நம்பியே ஆதல் வேண்டும். பதிலி என்பது நம்பிக்கையை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றும் ஏற்பாடு. அந்த மற்றோர் இடம் யாருடையது என்று கேளாது ஏறுவோர் பலர்.

கேளாதவர்க்கு நேர்ந்ததற்கு எடுத்துக்காட்டுகள் உண்டு. ஒனாவோ என்னும் இலவச விபிஎன் செயலியை வைத்திருந்த நிறுவனத்தை 2013ஆம் ஆண்டிலே பேஸ்புக் விலைக்கு வாங்கியது. பாதுகாப்புத் தருவதாகக் கூறி மக்களின் தொலைபேசிகளில் இடம்பிடித்த அச்செயலி, அவர்கள் எந்தச் செயலியை எவ்வளவு பயன்படுத்துகின்றனர் என்னும் விவரத்தைத் தன் உரிமையாளருக்குத் தெரிவித்து வந்தது. வட்ஸ்அப்பின் வளர்ச்சியைப் பேஸ்புக் அதன் வழியாகக் கணித்தமையை, 2018ஆம் ஆண்டு டிசம்பரிலே பிரித்தானியப் பாராளுமன்றக் குழு ஒன்று வெளியிட்ட ஆவணங்கள் காட்டின. பேஸ்புக் 2014ஆம் ஆண்டிலே வட்ஸ்அப்பை வாங்கியதும் யாவரும் அறிந்ததே. ஹோலா என்னும் மற்றொரு இலவசச் சேவை, தன்னைப் பயன்படுத்துவோரின் இணைப்புகளையே பிறருக்கு விலைக்கு விட்டமை 2015ஆம் ஆண்டிலே வெளியாயிற்று. அதாவது, தோணியில் ஏறியவரின் வீட்டுமுற்றமே, அவர் அறியாமல், ஊரார் இறங்கும் துறையாயிற்று. இலவசத் தோணிக்குக் கூலி எங்கிருந்து வருகிறது என்று ஏறுமுன் கேட்பது அறிவுடைமை.

செயலிக்குச் செயலி வேற்றுமையும் உண்டு. டெலிகிராமிலே வழக்கமான உரையாடல்கள் முனைக்கு முனை பூட்டப்படுவதில்லை. இரகசிய உரையாடல் என்று தனியே தொடங்கினால் மட்டுமே அவ்வாறு பூட்டப்படும். அதன் பதிலி வழியே செல்வோருக்கு, பதிலியை நடத்துபவர் விரும்பும் ஓர் அலைவரிசையை விளம்பரமாகக் காட்டவும் அச்செயலி இடமளித்தது. தோணியின் பாய்மேலே விளம்பரம் எழுதியதைப் போன்றது இது.

உலகின் பிற இடங்களிலும் இப்போராட்டம் நடந்தது. 2018ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே ரஷ்யா டெலிகிராமை மறிக்க முற்பட்டது. அச்சேவை அமேசன், கூகிள் ஆகிய நிறுவனங்களின் கணினிகளுக்கு இடம் மாறிக்கொண்டே இருந்தது. அதைத் துரத்திச் சென்ற காவலர், மில்லியன் கணக்கான முகவரி எண்களை மறித்தனர். குற்றமற்ற வணிகத் தளங்கள் பல அதனால் முடங்கின, டெலிகிராமோ இயங்கியது. 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே அத்தடை கைவிடப்பட்டது. 2021ஆம் ஆண்டிலே ஈரான் சிக்னல் சேவையை மறித்தபோது, உலகெங்கும் உள்ள தன்னார்வலர் பதிலிகளை அமைத்து உதவுமாறு அந்நிறுவனம் வேண்டியது. 2023ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் திகதி, பதிலி வழியாக இணையும் வசதியைத் தன் செயலியினுள்ளேயே வைத்திருப்பதாக வட்ஸ்அப் அறிவித்தது. பதிலி வழியாகச் சென்றாலும் செய்தியின் பூட்டு அவ்வாறே இருக்கும் என்றும் அது உறுதி கூறியது. கனடாவிலோ சுவிற்சர்லாந்திலோ இருக்கும் ஒருவர், தம் சொந்த ஊர்க் குடும்பத்துக்காக ஒரு பதிலியைத் தாமே நடத்துதல் இதனால் இயலுவதாயிற்று. அறிமுகமற்ற தோணிக்காரனுக்குப் பதிலாக மருமகனே தோணி ஓட்டுவதை இதற்கு ஒப்பிடலாம். பெயர் தெரியாத இலவசச் செயலியைக் காட்டிலும் இது பன்மடங்கு நல்லது.

இவ்விடத்திலே ஒரு வேறுபாட்டை இளைஞர் உணர்தல் வேண்டும். நாட்டின் வாயிலிலே முன்னறிவித்தலின்றி எழும் தடை வேறு. ஒரு பாடசாலையோ, கந்தோரோ, வைத்தியசாலையோ தன் சொந்தக் கணினிக்கு வகுக்கும் ஒழுங்கு வேறு. பின்னதிலே கணினியும் இணைப்பும் நிறுவனத்துக்குரியவை, பொறுப்பும் அதற்குரியதே. அங்கே எங்கிருந்தோ பெற்ற பதிலியைப் புகுத்துபவன், தன் அரட்டைக்காகப் பிறருடைய விவரங்களுக்கும் பின்கதவைத் திறந்து வைக்கிறான். நிறுவனங்களுக்கும் கடமை உண்டு. மறிப்பது யாது, குறித்து வைப்பது யாது என்பதைப் பயன்படுத்துவோருக்கு வெளிப்படையாகச் சொல்லுதல் வேண்டும். சில நிறுவனங்கள் தம் கணினிகளிலே தமது சான்றிதழ் ஒன்றைப் பதித்து, பூட்டிய பொதிகளையும் வாயிலிலே திறந்து பார்க்கின்றன. அவ்வாறு செய்யும் இடங்களிலே அறிவித்தல் இன்னும் இன்றியமையாதது. அறிவித்துச் செய்யும் காவல் ஒழுங்கு எனப்படும். அறிவியாது செய்வது ஒட்டுக்கேட்டல் எனப்படும்.

நாட்டுக்கும் அதே அளவுகோல் பொருந்தும். நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறி, அவ்வாண்டு பெப்ரவரி 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. இணையத்திலே வெளியாகும் கூற்றுகள் பற்றி நடவடிக்கை எடுக்கும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவுக்கு அது வகுத்தது. பேச்சுரிமையைச் சுருக்கும் என்று பலர் அதனை எதிர்த்தனர். சட்டம் எதுவாயினும், மறிக்கும் அதிகாரம் உடையோரிடம் மக்கள் கேட்க வேண்டிய வினாக்கள் மாறுவதில்லை. யாருடைய ஆணையால் மறிக்கப்பட்டது? எந்தச் சட்டத்தின் கீழ்? எவ்வளவு காலத்துக்கு? மறிப்பினால் அமைதி பிறந்தது என்பதற்குச் சான்று யாது? இவற்றுக்கு விடை தரும் தடையை மக்கள் பொறுத்துக்கொள்வர். விடை தராத தடையோ, தானே மற்றொரு வதந்திக்கு விதையாகும். செய்தி கிடையாத இடத்திலேதான் வதந்தி செழித்து வளரும்.

இனி, இக்கரையில் உள்ள குடும்பங்கள் செய்யக்கூடியவை சில. 2019ஆம் ஆண்டிலே மறிக்கப்பட்டவை சமூக ஊடகச் சேவைகளே. சாதாரணத் தொலைபேசி அழைப்பும் குறுஞ்செய்தியும் அத்தடையில் அடங்கவில்லை. ஆதலால், வெளிநாட்டிலுள்ள உறவினரின் முழுத் தொலைபேசி எண்ணை, நாட்டு எண்ணோடு சேர்த்து, ஒரு தாளிலே எழுதி வீட்டிலே வைத்திருத்தல் நன்று. இடர் நேர்ந்த நாளிலே குடும்பத்திலே ஒருவர் மட்டும் வெளிநாட்டுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவது, அங்குள்ளவர் அதனை ஏனையோருக்கு அறிவிப்பது என்று முன்னரே பேசி வைக்கலாம். குறுஞ்செய்தி முனைக்கு முனை பூட்டப்படுவதில்லை என்பதை நினைவிற் கொண்டு, நலம் கூறும் அளவோடு அதனை நிறுத்துதல் தகும். பதிலி வேண்டுமென்றால், பதற்றமான நாளிலே கிடைத்ததைப் பதித்துக்கொள்ளாது, அமைதியான நாளிலே, அறிந்தவர் ஒருவரிடம் கேட்டு அமைத்துக்கொள்ளுதல் வேண்டும். தடை நீங்கியபின் அதனை அகற்றிவிடுதலும் வேண்டும். பலர் மறந்துவிடுவது இதனையே. ஒரு வாரத் தேவைக்காகப் பதித்த செயலி, ஆண்டுக்கணக்கிலே தொலைபேசியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, காவலனும் தோணிக்காரனும் செய்ய இயலாத ஒரு வேலை பயனருக்கே உரியது. பூட்டிய பொதிக்குள் இருப்பதைத் தீச்சுவர் அறியாது; பதிலியும் அறியாது. அதனைத் திறந்து படிப்பவரும், பிறருக்கு அனுப்புவதா விடுவதா என்று முடிவு செய்பவரும் தொலைபேசியைக் கையில் வைத்திருப்பவரே. அம்பாறையிலே பரவிய மாத்திரைப் பேச்சை, பெற்ற ஒவ்வொருவரும் "இதனைக் கண்டவர் யார்?" என்று கேட்டிருந்தால், அது அங்கேயே மடிந்திருக்கும். அவ்வாறான காவல் ஒவ்வொரு வீட்டிலும் நிற்குமாயின், நாட்டின் வாயிலிலே துறைகளை அடைப்பதற்கான காரணம் குன்றும். அடைப்பதற்குக் காரணம் குன்றினால், குண்டு வெடித்த நாளிலும் கல்லடித் தாயின் இரண்டு சொற்கள் மறிப்பின்றிச் சூரிச் சென்று சேரும்.